தாம்பரத்தில் இருந்து ஒருநாள் டிரெக்கிங்: குடியம் குகைக்குத் திட்டமிடுவது எப்படி? 'ஈஸி' பாதையிலும் என்ன ஆபத்து?

வீக்எண்ட் நெருங்கினாலே இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ஒரு இடம் அடிக்கடி கண்ணில் படும். செக்கச்செவேல் பாறைச் சுவர்கள், நடுவே வளைந்து ஓடும் ஆறு, கீழே 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்ற வரி. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் பெண்ணாறு அறுத்து உருவாக்கிய கண்டிக்கோட்டா பள்ளத்தாக்குதான் அது. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இருந்து காலையில் கிளம்பி, நடந்து, இரவே வீடு திரும்பும் தூரத்தில் அது இல்லை. குறைந்தது ஒரு இரவு தங்க வேண்டும்.

அப்படியென்றால் வறண்ட நிலம், பாறை, குகை, முள்காடு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வர நம் பக்கத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரியைத் தாண்டி அல்லிக்குழி மலைப்பகுதியில் இருக்கும் குடியம் குகைகள். தமிழ்நாடு அரசின் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் உள்ள பாதை இது.

உயரமான மலை இல்லை, கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை. முதல்முறை டிரெக்கிங் போகிறவர்களும் நடக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில்தான் பலர் ஒரு பாட்டில் தண்ணீரும் செருப்புமாகக் கிளம்பிவிடுகிறார்கள். 'ஈஸி' என்று சொல்வது பாதையைத்தான், வெயிலை இல்லை. ஒருநாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது, எங்கே கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

குடியம் குகையில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கதை தொடங்குவது நம்ம பல்லாவரத்தில்.

1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் இருந்து ஒரு கல்லை எடுத்தார். பார்க்கச் சாதாரண கல். ஆனால் மனிதக் கை தட்டிச் செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரமாக அது இன்றும் கருதப்படுகிறது. நாம் தினமும் மின்சார ரயிலில் கடந்து போகும் ஊர் உலகத் தொல்லியல் வரைபடத்தில் இடம்பிடித்தது அப்படித்தான்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தில் ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் இன்னும் ஏராளமான கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பல்லாவரம், அதிரம்பாக்கம் போன்ற இடங்களில் கிடைத்த இந்தக் கைக்கோடரிப் பண்பாட்டுக்குத்தான் தொல்லியலில் 'மதராஸ்' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அகழாய்வு நடத்தினார்கள். அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது. கருவி செய்யும் முறை மாறிய அடுத்த கட்டம் அங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கூறியது.

அந்த அதிரம்பாக்கத்துக்குப் பக்கத்து மலைப்பகுதியில்தான் குடியம் இருக்கிறது. மலையைக் குடைந்து போகும் ஆழமான குகைகள் இவை இல்லை. பாறை முன்னால் நீண்டு கூரை மாதிரி கவிழ்ந்திருக்கும் பாறை மறைவிடங்கள். 1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி.பானர்ஜி இங்கே அகழாய்வு நடத்தி, கற்காலக் கருவிகளை வெளியே கொண்டுவந்தார்.

பாறையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பெரிய சிமெண்ட் கட்டியில் கூழாங்கற்களைப் பதித்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்த கற்கள் மண்ணோடு இறுகி மலையானதுதான் இது. அதில் இருந்து உதிர்ந்த குவார்ட்சைட் கற்களைத்தான் ஆதிமனிதர்கள் கருவியாகச் செதுக்கினார்கள். உங்கள் காலுக்குக் கீழே உருளப்போவதும் அதே வகைக் கற்கள்தான். அதனால்தான் நல்ல ஷூ அவசியம். அதைப் பிறகு பார்ப்போம்.

அனுமதி வாங்காமல் போகலாமா?

கூடாது. இது காப்புக்காடு பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன் கீழ் குற்றம். 'யூடியூப்ல லொகேஷன் போட்டிருந்தாங்க', 'ஊர்க்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்' என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

இந்தக் கட்டுப்பாடு வெறும் ஃபார்மாலிட்டி என்று நினைக்கிறவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் மண்டிய சரிவில் மளமளவெனப் பரவிய காட்டுத்தீயில் டிரெக்கிங் குழுவினர் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் சென்னையில் இருந்து வார இறுதிக்குக் கிளம்பிப் போன இளைஞர்களும் இருந்தார்கள்.

அதன் பிறகுதான் வனப்பகுதியில் டிரெக்கிங்கை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2018-ல் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிப்பது, வழிகாட்டி இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது எல்லாம் இந்த ஏற்பாட்டின் பகுதி.

அடுத்து 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். வனத்துறையுடன் இணைந்து தமிழ்நாடு வன அனுபவக் கழகம் இதை நடத்துகிறது. புக்கிங் ஆன்லைனில்தான். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் தேவை.

புக் செய்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் திட்டமிடுகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்த பிறகுதான் லீவு போட வேண்டும். கனமழை எச்சரிக்கை இருந்தாலும் பயணம் ரத்தாகலாம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம் வரைதான் நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். காடு பச்சையாக இருக்கும். காலையில் குளிர்ச்சி இருக்கும்.

அக்டோபர், நவம்பரில் மழை பெய்தால் காய்ந்து கிடக்கும் ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். மழை நாம் நிற்கும் இடத்தில்தான் பெய்ய வேண்டும் என்றில்லை. மேட்டில் பெய்தாலும் பள்ளத்துக்குத்தான் வரும்.

மார்ச் முதல் ஜூன் வரை மறந்துவிடுங்கள். கோடையில் 40 டிகிரி தாண்டுவது திருவள்ளூருக்குப் புதிதல்ல. அந்த எண்ணும் நிழலில் அளப்பது. இந்தக் காட்டில் தொடர்ச்சியான மரநிழல் கிடையாது. முள்புதர்களும் குட்டை மரங்களும்தான் அதிகம். மேலே இருந்து வெயில், கீழே சூடேறிய கற்களில் இருந்து திரும்பி அடிக்கும் அனல். நடக்கிற உடம்புக்கு இரண்டு பக்கமும் சூடு.

தாம்பரத்தில் இருந்து எப்படிப் போவது?

காரில் போனால்: தாம்பரத்தில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் போய், அங்கே வெளிவட்டச் சாலையில் ஏறுங்கள். சுமார் 30 கிலோமீட்டரில் நெமிலிச்சேரி. அங்கிருந்து சி.டி.எச். சாலையில் இடதுபக்கம் திரும்பினால் திருவள்ளூர். திருவள்ளூரில் இருந்து பூண்டி, பூண்டியைத் தாண்டி குடியம் கிராமம். மொத்தம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதிகாலையில் கிளம்பினால் 2 மணி நேரம் போதும். வெளிவட்டச் சாலையில் டோல் உண்டு.

ரயிலில் போனால்: தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்குங்கள். எதிரே சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் மார்க்க ரயில் கிடைக்கும். திருவள்ளூரில் இருந்து பூண்டி வரை பஸ். ஆனால் குடியம் கிராமம் வரைக்குமான கடைசி தூரத்துக்கு, திரும்பி வரவும் சேர்த்து, ஆட்டோவோ வேனோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. காலை 7 மணிக்குள் நடக்கத் தொடங்க வேண்டும் என்றால் ரயிலைவிட, நாலு பேர் சேர்ந்து காரில் போவதுதான் வசதி.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

கிளம்பும் நேரத்தை முடிவு செய்துவிட்டு மற்றதை யோசிக்காதீர்கள். எத்தனை மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவின் நிஜமான கிராண்ட் கேன்யனில், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் நடக்க வேண்டாம் என்று அந்நாட்டுத் தேசியப் பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. நம் ஊருக்கும் பொருந்தும் கணக்கு அது.

ஒருவழி 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் என்றால் முக்கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். உருளைக்கல் பாதையில், பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். குகையில் ஒரு மணி நேரம். திரும்ப அதே ஒன்றரை மணி. ஆக மொத்தம் 4 மணி நேரம்.

அப்படியென்றால் திட்டம் இப்படி இருக்கலாம்:

• காலை 4.30 - தாம்பரத்தில் இருந்து கிளம்புதல்
• 6.30 - குடியம் கிராமம், வழிகாட்டியைச் சந்தித்தல், லேசான டிபன்
• 7.00 - நடை தொடக்கம்
• 8.30 - குகை
• 9.30 - திரும்புதல். போட்டோ பாக்கி இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்
• 11.00 - கிராமம்
• மதியம் - பூண்டி
• மாலை - வீடு

வழிகாட்டி வேறு நேரம் சொன்னால் அவர் சொல்வதே முடிவு. ஆனால் 9.30 என்ற அந்தத் 'திரும்பும் நேரம்' முக்கியம். போகும்போது இளவெயில், புதுத் தெம்பு, நிறைந்த தண்ணீர் பாட்டில். வரும்போது மூன்றும் இருக்காது. பாதை அதே பாதைதான், ஆனால் உடம்பு அதே உடம்பு இல்லை. 'இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்கலாம்' என்று முன்னால் வைக்கும் ஒவ்வொரு அடியையும் உச்சி வெயிலில் திரும்ப வைக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் தேவை?

ஒரு ஆளுக்கு 3 லிட்டர். ஒரு லிட்டர் போக, ஒரு லிட்டர் வர, ஒரு லிட்டர் கையிருப்பு. யாருக்காவது கால் பிசகி இரண்டு மணி நேரம் தாமதமானால் உயிர் காப்பது அந்த மூன்றாவது லிட்டர்தான். நடையின் நடுவில் கடையோ, நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீரோ கிடையாது. ஓடையில் தண்ணீர் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம்.

3 லிட்டர் என்றால் 3 கிலோ எடை. நாலு பேரின் தண்ணீரை ஒருவர் முதுகில் ஏற்றாதீர்கள். அவரவர் தண்ணீர் அவரவர் பையில். இன்னொரு 5 லிட்டர் கேன் காரில் இருக்கட்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சரியல்ல. வியர்வையில் உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர், கடலை மிட்டாய், வாழைப்பழம், புளிசாதம் இதெல்லாம் இந்த மாதிரி நடைக்கு நல்ல தீனி.

பையில் வேறு என்னென்ன இருக்க வேண்டும்?

• கணுக்காலைப் பிடித்து நிற்கும், கிரிப் உள்ள ஷூ. செருப்பு, சாண்டல்ஸ் வேண்டாம்
• முழுக்கை காட்டன் சட்டை, முழுநீள பேண்ட். முள்ளுக்கும் வெயிலுக்கும் இதுதான் கவசம்
• தொப்பி அல்லது ஒரு துண்டு. நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளலாம்
• டார்ச், விசில், சார்ஜ் நிறைந்த போன். சில இடங்களில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். மேப்பை முன்பே டவுன்லோட் செய்யுங்கள்
• முதலுதவிப் பொருள்கள், கிரேப் பேண்டேஜ், வழக்கமாகப் போடும் மாத்திரைகள்
• குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை

வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் போன் செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஐந்து பைசா செலவில்லாத பாதுகாப்பு இது.

சிகரெட், தீப்பெட்டி, கேம்ப் ஃபயர் எதுவும் கூடாது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

வெயில் தாக்கினால் எப்படித் தெரியும்?

முதலில் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அளவுக்கு மீறிய வியர்வை. இது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. உடனே நிழலில் உட்கார வையுங்கள். ஷூவைக் கழற்றி, சட்டையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்தாலும் அன்றைய நடை அதோடு முடிந்தது. மெதுவாகத் திரும்ப வேண்டியதுதான்.

ஒருவர் சம்பந்தம் இல்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், மயங்குகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடம்பின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நிலை அது. உயிருக்கு ஆபத்து. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, தலை எங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். 108-க்கு அழையுங்கள்.

'ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவாங்க' என்று முடியாததைச் சொல்லாமல் நடப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

பாம்பு, தேனீ பயம் இருக்கிறதா?

பாறையும் புதரும் இருந்தால் பாம்பும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பொந்தில் கை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு இருக்கட்டும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட பகுதியை அசையாமல் வைத்து, மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தை எடுத்துத் தருவது யார் தெரியுமா? நம் ஈ.சி.ஆர். சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதில் முக்கியமானது.

பாறைக்கூரைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கலாம். குகைக்குள் கத்துவது, பாட்டுப் போடுவது, புகை போடுவது, வாசனை தூக்கலாக சென்ட் அடித்துக்கொண்டு போவது வேண்டாம். வழிகாட்டி 'இங்கே நிற்காதீங்க' என்றால் உடனே நகருங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்?

இதய நோய், கட்டுக்குள் இல்லாத பிபி, சுகர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சலில் இருந்து இப்போதுதான் தேறியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போக வேண்டாம். சில பிபி மாத்திரைகள் உடம்பில் இருந்து நீரை வெளியேற்றும். வெயிலில் அது சிக்கலாகும். முந்தைய இரவு தூங்காதவர்கள், மது அருந்தியவர்களும் தவிர்ப்பது நல்லது.

உடம்பு ஒத்துழைக்குமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன டெஸ்ட். முந்தைய வாரம் 3 கிலோ பையை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ ஒன்றரை மணி நேரம் விடாமல் நடந்து பாருங்கள். அதற்கே மூச்சு வாங்கினால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். குகை எங்கேயும் போய்விடாது.

மதியம் என்ன பார்க்கலாம்?

பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. 1985-ல் அமைக்கப்பட்டது. இந்தப் பகுதியில் கிடைத்த கற்கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பார்க்கலாம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அருகிலேயே சத்தியமூர்த்தி சாகர் என்ற பூண்டி நீர்த்தேக்கம். 1944 முதல் சென்னையின் தாகம் தீர்க்கும் ஏரி. குளிக்க இறங்க வேண்டாம்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஃபூட் சேகரித்த கற்கருவித் தொகுப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. தாம்பரத்தில் இருந்து ஒரே ரயில்.

கடைசியாக ஒன்று. குடியத்தில் நீங்கள் பார்க்கும் கல்லில் ஒன்று லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ செதுக்கிய கருவியாகக்கூட இருக்கலாம். ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டால் அது எந்தக் காலத்துக் கல் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும். பாறையில் பெயர் கிறுக்காதீர்கள். பெரிய குகையில் உள்ளூர் மக்களின் அம்மன் வழிபாடும் உண்டு என்பதால், கோயிலில் நடந்துகொள்வது மாதிரியே அங்கும் நடந்துகொள்ளுங்கள்.

அனுமதி, 3 லிட்டர் தண்ணீர், ஷூ, 9.30 மணிக்குத் திரும்புவது. இந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.